சொல்லின் கனம்

கால்பந்தாட்டம் பார்க்கும் பிள்ளைகளுள்ள இல்லங்களில் மார்க்கோ மட்டராஸி என்ற பெயர் புதிதன்று. 2006ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பெர்லினில் நடைபெற்ற உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பிரான்சு அணித் தலைவர் ஜிடேன் தலையால் மோதி வீழ்த்திய இத்தாலியர் அவரே. ஜிடேனின் சகோதரியைப் பற்றி அவர் உதிர்த்த இழிசொல்லே அதற்குக் காரணம். பின்னர் அவரே அதை ஒப்புக்கொண்டார். இருவரும் தண்டனை பெற்றனர். அதே ஆட்டத்தில் தலையால் முட்டி இத்தாலிக்குச் சமநிலை தேடித் தந்தவரும் அவர்தாம். ஆயினும் உலகம் நினைவில் வைத்தது கோலை அன்று, சொல்லையே.

அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் நீண்டதோர் உழைப்பு உண்டு. 1973இல் லெச்சே நகரில் பிறந்த அவர், இளமையிலேயே தாயை இழந்தார். தந்தை கால்பந்துப் பயிற்சியாளராயிருந்தும், மகன் மார்சாலா, திராப்பானி போன்ற சிற்றூர் அணிகளிலேயே ஆடித் தேற வேண்டியிருந்தது. 2001இல்தான் புகழ்பெற்ற இன்டர் மிலான் அவரைச் சேர்த்துக்கொண்டது. பத்தாண்டுகள் அங்கே ஆடினார்.

2014இல், புதிதாய்த் தோன்றிய நம் சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் வந்து சேர்ந்தார். முதலாண்டில் பட்டியலில் முதலிடம் பெற்றும், அரையிறுதியில் கேரள அணியிடம் தோல்வி. மறு ஆண்டோ, லீக் சுற்றில் நான்கே ஆட்டங்கள் எஞ்சியிருந்தபோது அணி கடைசி இடத்தில் கிடந்தது. அந்த நான்கிலும் வென்று அரையிறுதியை எட்டியது.

அவ்வேளையில்தான் அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரத்திலிருந்து உறவினர் குடும்பம் ஒன்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் தஞ்சம் புகுந்தது. நேரு விளையாட்டரங்கில் நிகழவேண்டிய அரையிறுதி, வெள்ளத்தால் புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊரில் ஆட வழியற்ற அணி, அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றது. டிசம்பர் 20இல் கோவாவில் இறுதியாட்டம். முடிவுக்குச் சில நிமிடங்களே இருக்கையில் கோவா 2-1 என முந்தியது. பள்ளிப் புத்தகங்களை எல்லாம் வெள்ளத்தில் பறிகொடுத்த உறவுச் சிறுவன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமா, இப்போது பயிற்சியாளர் அவர்களிடம் என்ன சொல்வார்?" என்று கேட்டான். நான் விடை தேடுமுன்பே சமநிலை வந்தது. கூடுதல் நேரத்தில் மெண்டோசா மற்றொரு கோல் அடித்தார். 3-2. கோப்பை சென்னைக்கு!

வெற்றி நிலைத்துவிடவில்லை. 2016இல் அணி ஏழாமிடத்துக்குச் சரிந்தது. 2017இல் மட்டராஸி விடைபெற்றார். எனினும் அச்சிறுவனின் கேள்வி என்னைவிட்டு நீங்கவில்லை. ஆடுகளத்தில் எதிராளியைப் புண்படுத்திய அதே நாவுதான், கடைசி இடத்தில் துவண்டு கிடந்த இளைஞர்களை எழுப்பவும் வேண்டியிருந்தது. பயிற்சியாளனுக்குக் கால்கள் பயன்படா. சொல் ஒன்றே அவன் கருவி.

பெற்றோரும் ஒருவகையில் பயிற்சியாளரே. தேர்வறையில் பிள்ளைக்காக நாம் எழுத இயலாது. அவனுடைய பந்தை நாம் உதைக்கவும் இயலாது. மதிப்பெண் பட்டியலில் கடைசியாக நின்று அவன் நம் முகத்தை நோக்கும்போது, நம்மிடம் இருப்பது ஒரு சொல்லே. பிள்ளை வளர்ந்த பின்னும் அச்சொல் அவனுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கும். தேர்ந்து சொல்வோம்.