வைரத் தோடு

மாதந்தோறும் நாம் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் போவது நடராஜ தரிசனத்துக்கு மட்டுமன்று, சீட்டு ஏலத்துக்காகவுந்தான். இருபது பேர், தலைக்கு ரூ.5,000, ஆக ஒரு லட்சம்.

சென்ற ஆனித் திருமஞ்சனத்து மாதத்தில் ஓர் அம்மாள் ரூ.25,000 தள்ளிச் சீட்டை எடுத்தார். எதற்கு? வைரத் தோடு வாங்கவாம்! சபையில் முணுமுணுப்பு எழுந்தது. தங்க வளையலென்றால் சேமிப்பு, வைரமென்றால் ஆடம்பரம். இது நம்மவர் சாஸ்திரம். கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள் தேச விடுதலைக்காகக் குடும்பச் சொத்தையே விற்றதை எடுத்துக்காட்டி நாமும் உபதேசித்தோம். (உபதேசத்துக்குத் தவணை கிடையாது.)

வீடு திரும்பிக் கணக்குப் பார்த்தோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பான நூற்றுக்கு 7 வீதம் கம்பெனிக் கமிஷன் ரூ.7,000. அது போக, அவர் தள்ளிய தொகையில் மீதி ரூ.18,000 இருபது பேருக்கும் பங்கு. நமக்கு ரூ.900! அவர் ஆடம்பரத்தில் நம் லாபம். அதைக் கூசாமல் வாங்கிக்கொண்டோம்.

தாம் அணிந்திருந்த தோட்டை மகனுடைய காலேஜ் படிப்புக்காக அவர் என்றோ விற்றவர் என்பது பிறகே தெரிந்தது. அடுத்த மாதம் வெறுங்காதோடு வந்திருந்தார். தோடு வாங்கியாயிற்றாம், இந்தச் சபைக்கு அணிந்துவரத்தான் கூச்சமாம்.