4130 ராமானுஜன்: சில குறிப்புகள்

காவலூர் வானாய்வகம் என்றால் எல்லோரும் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைத்தான் சொல்வார்கள். எனக்கு அங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி மேல்தான் பிரியம். 1988 பிப்ரவரி 17 அன்று ‘கல்கி’ தேடல் திட்டத்தில் ஆர். ராஜமோகன் சிறுகோள் 4130-ஐப் பிடித்தது அதில்தான். பெயர் ராமானுஜன்.

*

அந்தப் பெயரை நினைவுபடுத்தும் ஓர் உப்புக் கணக்கு. படிகத்தில் ஒரு சோடியம் அயனியில் நின்று சுற்றிலும் எண்ண வேண்டும். பக்கத்தில் 6 குளோரைடு (அந்தத் தொலைவை 1 என்று வை), √2 தொலைவில் 12 சோடியம், √3-இல் 8 குளோரைடு, 2-இல் 6 சோடியம், √5-இல் 24 குளோரைடு. எண்ணிக்கையைத் தொலைவால் வகுத்து, ஈர்ப்பைக் கூட்டி விலக்கத்தைக் கழித்தால் வரிசையாக 6, −2.485, 2.134, −0.866, 9.867. இந்தக் கூட்டலின் முடிவுக்குப் பெயர் மேடலங் மாறிலி; பாடப்புத்தகம் அதை 1.7476 என்கிறது. இந்த வழியில் எத்தனை தூரம் போனாலும் அது வராது; கோளம் கோளமாக விரித்தால் கூட்டல் எங்கும் போய் நிற்பதில்லை.

கனசதுரமாக விரித்தால் நிற்கிறது. 1932-இல் எவ்யென் செய்த தந்திரம்: முகத்தில் உள்ள அயனியைப் பாதியாகவும், விளிம்பில் உள்ளதைக் காலாகவும், மூலையில் உள்ளதை அரைக்காலாகவும் எடுத்துக்கொள். முதல் பெட்டியில் 1.456. இரண்டாவதிலேயே 1.75. ஒவ்வொரு பெட்டியிலும் மின்னூட்டம் சரிக்குச் சரியாகி விடுகிறது, அவ்வளவுதான் ரகசியம். மாறிலியை மட்டும் கொடுத்து இதை விட்டுவிடுவது அநியாயம்.

*

அதே உப்பில் √7 தொலைவில் ஒரு அயனிகூடக் கிடையாது. 7-ஐ மூன்று முழுஎண் வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது என்பதே காரணம்.

ராமானுஜன் நுழைவது இங்கே. 1917 கட்டுரையில் அவர் x²+y²+10z² என்ற வடிவத்தைத் தொடுகிறார். படிகத்தின் ஓர் அச்சை √10 மடங்கு இழுத்துவிட்ட மாதிரி. இதில் வராத ஒற்றைப்படை எண்கள் 3, 7, 21, 31, 33, 43 என்று தொடங்கி 391 வரை பதினாறு. எளிய விதி எதற்கும் அவை அடங்குவதாகத் தெரியவில்லை என்றார். பின்னால் வந்தவர்கள் 679, 2719 இரண்டையும் சேர்த்தார்கள். பட்டியல் அந்தப் பதினெட்டோடு முடிகிறது என்று 1997-இல் கென் ஓனோவும் நம் சென்னைக்காரர் சௌந்தரராஜனும் காட்டினார்கள், பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் உண்மை என்றால். அந்த ‘என்றால்’ இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ராமானுஜன் உப்பைப் பற்றி எழுதவில்லை; மேடலங் கணக்கு வந்ததே 1918-இல். இழுத்துப் பிடித்து உறவு சொல்ல வேண்டாம். ஆனால் 1921-இல் எவால்டு இந்தக் கூட்டலை இரண்டாகப் பிரித்து வேகமாக முடித்த முறையின் அச்சாணி தீட்டா சார்பு. அது ராமானுஜன் வீட்டுத் திண்ணை.

*

படிகக் கணக்கு விண்மீனுக்குள்ளும் வருகிறது. வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930-இல் கப்பலில் போட்ட வெண்குறுமீன் கணக்கில் எலக்ட்ரான் அழுத்தமும் ஈர்ப்பும்தான். குளிர்ந்த வெண்குறுமீனின் உள்ளே கார்பன், ஆக்சிஜன் அணுக்கருக்கள் உறைந்து படிகமாகும் என்பது 1960-களில் வந்த யோசனை. கையா விண்கலத் தரவிலிருந்து 2019-இல் அதற்குச் சான்று கிடைத்தது.

எந்தப் படிகம்? பொருள்மையக் கனசதுரம் என்றால் உப்புக்குப் போட்டது போன்ற கூட்டல் 0.895929, முகப்புமையம் என்றால் 0.895874. வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதலாவதுதான் ஜெயிக்கிறது.

*

உப்பின் கூட்டலைச் சதுரக் கட்டத்தில், இரண்டே பரிமாணத்தில் செய்தால், தெரிந்த சார்புகளில் ஒரே வரியில் எழுதிவிடலாம். உப்புக்கு அப்படி ஒரு வரி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.