கயிறு யார் கையில் இருந்தது

மே மாத நடுவில், தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பதற்குச் சில நாள்களுக்கு முன், ஹேவ்லாக் தீவின் முக்குளிப்பு நிலையம் ஒன்றின் பின்கட்டில் அந்த ஆய்வு மாணவி அமர்ந்திருந்தாள். 2018இல் சுவராஜ் தீப் என்று பெயர் மாற்றப்பட்ட தீவு அது. பருவம் முடியும் வேளையில் வாடகைக்கு விட்ட உபகரணங்களில் சிலவற்றை நிலையங்கள் விற்பதுண்டு. அவள் முன்னிருந்த மர மேசையில் நான்காண்டுகள் பயன்பட்ட ரெகுலேட்டர் ஒன்றும், வெயிலில் வெளுத்த மிதவைச் சட்டை ஒன்றும் கிடந்தன. அவள் கையில் இருந்ததோ புதிய உபகரணங்களுக்கான விலைப்பட்டியல். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அவளுடைய மூன்று மாத உதவித்தொகை.

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். உணவு, தங்குமிடம், தீவுகளுக்கிடையிலான கப்பல் கட்டணம் எல்லாம் போக எஞ்சுவது சொற்பம். திட்ட நிதியில் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அரசுக் கொள்முதல் நடைமுறை விலைப்புள்ளிகளையும் வரி எண்ணுடன் கூடிய ரசீதையும் கேட்பது. பயன்படுத்திய பொருளை அந்தப் படிவங்களின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுடைய துறை அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. புதியதற்கு ஒப்புதல் வருவதற்குள் ஒரு களப்பருவமே கடந்துவிடும். எனவே அவளுக்கு முன் வந்த மாணவர்களைப் போலவே அவளும் சொந்தப் பணத்தில் பழையதைத் தேடி வந்திருந்தாள். அவள் திரட்டும் தரவு நிறுவனத்துக்குச் சொந்தம். அதைத் திரட்டும்போது மூச்சுவிட உதவும் கருவி மட்டும் அவளுடைய சொந்தப் பொறுப்பு.

அவளுடைய தயக்கத்துக்குப் பணம் மட்டும் காரணமன்று. முந்தைய பருவத்தில், பல கைகள் மாறி வந்த ரெகுலேட்டர் ஒன்றைச் சக மாணவரிடம் இரவல் பெற்று அவள் மூழ்கினாள். 2010ஆம் ஆண்டின் பெரும் வெளுப்புக்குப் பிறகு மீண்டெழுந்த பவளத்திட்டு ஒன்றின் மேல், 14 மீட்டர் ஆழத்தில், அளவை நாடாவை விரித்து எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது வாய்க்கருவியிலிருந்து காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கியது. அந்த ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் 2.4 மடங்கு, சிலிண்டரும் அதற்கேற்ற வேகத்தில் காலியாகும். உடன் மூழ்கியவர் தம்முடைய மாற்று வாய்க்கருவியை நீட்டினார். இருவரும் அவசரப்படாமல் மேலேறினர். பதறி மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே பாய்ந்திருந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்திருக்கக்கூடும். அதற்குரிய அழுத்த அறைச் சிகிச்சைக்குப் ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள (முன்பு போர்ட் பிளேர்) கடற்படை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். அன்று எதுவும் நேரவில்லை. தரவுத்தாளில் ஒரு வரிசை பாதியில் நின்றது, அவ்வளவுதான். அந்த ரெகுலேட்டர் கடைசியாக எப்போது பிரித்துப் பழுதுபார்க்கப்பட்டது என்று பிறகு விசாரித்தபோது, எவரிடமும் விடை இல்லை.

ரெகுலேட்டரின் வேலை சொல்வதற்கு எளிது. சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்றை அதன் முதல் நிலை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டுமே மிகுந்த அளவுக்குத் தணிக்கிறது. இரண்டாம் நிலை அதை மூச்சுக்கு ஏற்ற அழுத்தமாக்கி வாயில் தருகிறது. இவ்வளவையும் செய்பவை சில ரப்பர் வளையங்களும், ஒரு வில்சுருளும், நகத்தளவே உள்ள ஓர் அடைப்பு வட்டும். பித்தளை உடல் பல்லாண்டுகள் உழைக்கும்; ரப்பரும் அடைப்பு வட்டும் தேயும். ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ அவற்றை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

நிலையத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பது வயதைக் கடந்தவர். அவர் ரெகுலேட்டரைப் புகழவில்லை. முதலில் அதன் நுழைவாயிலிலுள்ள வடிகட்டியைக் காட்டினார். அது பச்சை பூத்திருந்தால் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது. செந்நிறமாக இருந்தால் சிலிண்டரின் துரு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டும் இல்லை. அடுத்து இடைநிலை அழுத்தமானியைப் பொருத்திக் காற்றைத் திறந்தார். முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். மெல்ல ஏறிக்கொண்டே போனால் அடைப்பு வட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். முள் ஏறியது.

"பாத்தியாம்மா? இத இப்படியே ஒனக்குக் கொடுக்க மாட்டேன்," என்றார்.

"அப்ப புதுசே வாங்கிரட்டுமா அண்ணா?"

"வாங்கலாம், தப்பில்ல. ஆனா நீ காட்டுற கம்பெனிக்கு இந்தத் தீவுல சர்வீஸ் பண்ண ஆளும் கிடையாது, சாமானும் கிடையாது. ரெண்டாவது வருஷம் எங்க கொண்டு போவ?"

அந்தக் கேள்வி அவளுடைய கணக்கை மாற்றியது. பிரித்துச் சரிபார்க்க ஆளில்லாத புதிய கருவி, இரண்டாண்டு உப்புநீருக்குப் பின் வரலாறு தெரியாத பழைய கருவியாகவே ஆகிவிடும். மேசையில் இருப்பதோ நிலையத்தின் மற்ற ரெகுலேட்டர்களைப் போன்றதே. அதற்குரிய உதிரிபாகங்கள் அலமாரியில் உள்ளன. நான்காண்டுப் பழுதுபார்ப்பும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

அவளுடைய தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். மூழ்குபவனின் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் பேச்சு வழக்கு. தன் சகோதரியின் தாலிக்கு அஞ்சியாவது அவன் கவனமாக இருப்பான் என்பது அதன் காரணம். கயிறு புதியதா பழையதா என்று அந்த வழக்கு கேட்பதில்லை. அதைப் பிடித்திருப்பவன் யார் என்றே கேட்கிறது.

அன்று மாலை அவள் முடிவெடுத்தாள். முகத்தோடு பொருந்த வேண்டிய மாஸ்க்கும், ஆழமானி பிழைத்தால் எளிதில் கண்டுபிடிக்க முடியாத டைவ் கம்ப்யூட்டரும் புதியவை. துடுப்புகள் பழையவை. மிதவைச் சட்டையை முழுக்க ஊதி ஓரிரவு விட்டுப் பார்த்து, காலையிலும் இறுக்கம் தளராததால் அதையும் ஏற்றாள். காலமுறைச் சோதனையும் அதன் முத்திரையும் தேவைப்படும் சிலிண்டரை வாங்கவே இல்லை. நிலையத்திலிருந்து வாடகைக்கு எடுப்பதே போதும். ரெகுலேட்டரை அவள் கண்ணெதிரே பிரித்து, புதிய வளையங்களும் அடைப்பு வட்டும் இட்டுப் பூட்டினார்கள். மறுபடி மானியைப் பொருத்தியபோது முள் அசையாமல் நின்றது. இந்தச் செலவில் ஒரு ரூபாயும் அலுவலகத்திலிருந்து திரும்பி வராது என்பது அவளுக்குத் தெரியும்.

புறப்படும்போது அவர் அந்த நோட்டின் பக்கங்களைப் படியெடுத்துக் கொடுத்தார். கப்பலில் அவள் ஒரு புதிய குறிப்பேட்டைத் திறந்து அவற்றை முதலில் ஒட்டினாள். அதன் கீழே அன்றைய தேதி, மாற்றிய பாகங்கள், மானி காட்டிய அளவு ஆகியவற்றை எழுதினாள். முனைவர் பட்டம் முடிந்து அவள் தீவை விட்டுப் போகும் நாளில், ரெகுலேட்டரோடு அந்தக் குறிப்பேடும் அடுத்த மாணவரின் கைக்குப் போகும்.