பெண்பிள்ளைக்கும் நீச்சல் பழக்குவோம்



நீச்சல் பற்றிக் கதை வந்தால் பெற்றோர் அனேகமாக ஒன்றையே சொல்வார்கள்: "சின்னப்பிள்ளைதானே, கொஞ்சம் வளரட்டும், பிறகு பழக்குவோம்." ஆண்பிள்ளைக்கு அந்தப் "பிறகு" எப்படியோ வந்துவிடும். பத்து வயதில் கூட்டாளிமாரோடு தோட்டக் கிணற்றிலோ குளத்திலோ இறங்கிவிடுவான். பெண்பிள்ளைக்கு அது வருவதேயில்லை. வளர்ந்தால் உடுப்பு, இடம், யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகள் முன்னால் வந்து நிற்கும். அந்தக் கேள்விகள் வேண்டாதவை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவை எழுவதற்கு முன் நாலைந்து வருடம் எங்கள் கையில் இருக்கிறது. அதைச் சும்மா விடுகிறோமே என்பதுதான் கவலை.

2004 டிசம்பர் 26ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுத்த வருடம் ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை, சுனாமியில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்த இடங்களைப் பற்றிப் பேசியது. இலங்கைக்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று, நீந்தவும் மரமேறவும் இங்கே ஆண்பிள்ளைகளுக்கே பழக்குகிறார்கள் என்பது. எங்கள் வீட்டில் இந்த விசயத்தை வேறு யாரும் வாதாடி விளக்க வேண்டியிருக்கவில்லை.

உமர் (ரலி) அவர்கள் பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பழக்கச் சொன்னதாக மேடைகளில் அடிக்கடி கேட்போம். அதைவிட எங்களைத் தொட்டது நஸாஈ இமாமின் சுனனுல் குப்ராவில் பதிவாகியுள்ள ஹதீஸ் ஒன்று. அல்லாஹ்வை நினைவுகூர்வதில் சேராத எதுவும் வீண்பொழுது, நான்கைத் தவிர என்று அது சொல்கிறது. அந்த நான்கில் ஒன்று குடும்பத்தோடு விளையாடுவது, இன்னொன்று நீந்தக் கற்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் என்ன என்று யோசித்தோம்.

சோனகத்தெருவில் எங்கள் வாப்பாமார் நீந்தப் பழகியது அண்ணன்மாரைப் பார்த்து. 1990 ஒக்டோபரில் எல்லோரும் வெளியேற்றப்பட்ட பிறகு, புத்தளத்து முகாம்களில் குடிதண்ணீருக்குக் கானோடு வரிசையில் நின்று வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனது. திரும்பி வந்த ஊரோ ஆறில்லாத ஊர். வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். தண்ணீர் என்றால் கிணறு, குளம், மழைக்கு நிரம்பும் கிடங்கு, சுற்றிவரக் கடல். அவ்வளவும் வீட்டுக்குக் கிட்ட.

மகளுக்கு மூன்றரை வயதில் தொடங்கினோம். தொடக்கம் கடலில் இல்லை, கிணற்றடியில். தலையில் ஒரு கோப்பை தண்ணீர், அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவளே எண்ண வேண்டும். மூன்று சொன்னால்தான் ஊற்றுவோம். சில நாள் இரண்டிலேயே நின்று எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். நாங்களும் கோப்பையோடு காத்து நிற்போம். தண்ணீர் எப்போது விழும் என்பது தன் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் பயம் பாதி போய்விட்டது. பிறகு பேசினில் வாயை வைத்துக் குமிழி விடுவது. மூச்சை வெளியே விடும்போது தண்ணீர் உள்ளே வராது என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசினின் அடியில் ஒரு கரண்டியைப் போட்டு, முகத்தை அமிழ்த்திக் கண்ணைத் திறந்து எடுப்பது. இதற்கே இரண்டு மாதம் போனது.

அடுத்தது காரைநகர் கசூரினாக் கடற்கரை. நெடுந்தூரம் ஆழமில்லாத கடல் அது. முழங்காலளவு தண்ணீரில் கைகளை மணலில் ஊன்றி "முதலை நடை" நடந்தால் கால் இரண்டும் தானாக மேலே வரும். உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீரைவிட அடர்த்தி கூடியது என்பதால் மிதப்பதற்குக் கடல்தான் இலேசு. வாடைக்காற்றுக் காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை.

மல்லாந்து மிதப்பதுதான் கடினம். காதுக்குள் தண்ணீர் போவது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. தலையைத் தோளில் சாய்த்துவைத்து, மேகத்தில் என்ன தெரிகிறது என்று கேட்போம். ஆடு, ஒட்டகம், ஒருநாள் பணிஸ். கதை நீள நீள உடம்பு இளகும், இடுப்பு மேலே எழும். முதுகின் கீழ் இருக்கும் கையை எடுப்பதென்றால் சொல்லிவிட்டே எடுப்போம். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்தமுறை கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாது.

கிணற்றில் தள்ளிவிட்டால் தன்பாட்டில் நீந்தும் என்பது எங்கள் ஊர்ப் பழைய பாடம். அப்படிப் பழகியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப் பயந்து இன்றுவரை கிணற்றுக்குத் தள்ளி நிற்பவர்கள் ஒன்றும் சொல்வதில்லை.

கீரிமலையில் ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. சைவர்களின் புனிதத் தீர்த்தம் என்ற மரியாதையோடு இறங்க வேண்டிய இடம் அது. ஆடி அமாவாசை போன்ற நாட்களில் நாங்கள் போவதில்லை. உம்மாவும் மகளும் அங்கே விளையாடும் விளையாட்டுக்குப் பெயர் "குதி, திரும்பு, பிடி". படியிலிருந்து உம்மாவின் கைக்குள் குதித்து, திரும்பி, குதித்த படியையே பிடிப்பது. கை வீசி நீந்துவதைவிட இதைத்தான் முக்கியமாக நினைக்கிறோம். தவறி விழும் பிள்ளை முதலில் தேட வேண்டியது விழுந்த கரையைத்தான். கையில் மாட்டும் காற்றுப் பைகளை நாங்கள் வாங்கவில்லை. அவை பிள்ளையை நெட்டுக்குத்தாக நிறுத்தி வைக்கும், கழற்றிய பிறகும் மிதப்பேன் என்ற நினைப்பையும் கொடுக்கும்.

பிள்ளை பழகிவிட்டது என்று மற்றப் பக்கம் திரும்புவதற்கு மட்டும் இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. 1971இல் பாக்குநீரிணையைப் போகவர நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனையே 1984 ஓகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாய் எடுத்துக்கொண்டது. எங்கள் பிள்ளைகள் எந்த மூலைக்கு? கை எட்டும் தூரத்தில் வளர்ந்த ஒருவர், கையில் போன் இல்லாமல். வீட்டில் இந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு இல்லை.

தடாகம் இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். பங்களாதேசில் ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் மேடை கட்டி, நாலு வயதிலிருந்து பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். அதுவும் எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்கள் வாழும் கிராமங்களில்தான்.

விடுமுறையில் காற்று அமைதியாக இருக்கும் நாட்களில், சுபஹுக்குப் பிறகு ஆள்நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நாலைந்து குடும்பமாகக் கசூரினாவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். மகள்மாரைக் கூட்டி வாருங்கள். மாற்றுடுப்பும் ஒரு கரண்டியும் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம் வரவேண்டும். உம்மம்மாமார் கரையில் இருக்கலாம், ஆனால் அவர்களைக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.