மாடிக் குழாயை மூடினேன்

அன்பு மாணவச் செல்வங்களே, உறவுகளே,

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தஞ்சாவூர் வீட்டு மாடியில் குடியிருப்பவர் இரண்டு மாத வாடகை தரவில்லை. கோபத்தில் மாடிக்குப் போகும் தண்ணீரை மூடிவிட்டேன். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் ஏங்குகிற ஊர்க்காரன் நான்!

வக்கீலாக இருக்கும் பழைய மாணவர் சொன்னார்: "சார், 2017 வாடகைச் சட்டப்படி இரண்டு மாசப் பாக்கின்னா நோட்டீஸ் கொடுத்து, வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். தண்ணி, கரண்டை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவும் பண்ணணும். உங்ககிட்ட அதுவும் இல்லையே!"

உடனே வால்வைத் திறந்து, மாடியேறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். பாக்கியைத் தவணையில் தருகிறார். ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிட்டோம்.

வீடு விடுபவர்களும் குடியிருப்பவர்களும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்