எத்தனை படி?

பெண் பார்க்கப் போயிருக்கிறேன். குடியிருக்க வீடு பார்க்கப் போயிருக்கிறேன். ஒரு முறை நண்பர் ஒருவருக்குத் துணையாகச் சந்தைக்கு உழவு மாடு பார்க்கக்கூடப் போயிருக்கிறேன். மாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கொம்பு இரண்டு, கால் நான்கு என்பதோடு சரி. ஆனாலும் எல்லாம் தெரிந்தவன் போலச் சுற்றி வந்து, முதுகைத் தட்டி, "சுழி சரியாயிருக்கிறதா?" என்று கேட்டு வைத்தேன். இந்தப் பார்க்கும் வரிசையில், என் சொந்த அக்காவுக்கு ஒரு படுக்கை பார்க்கப் போவேன் என்று மட்டும் நான் நினைத்ததே இல்லை.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் சாலவாக்கம். உத்திரமேரூருக்கும் செங்கற்பட்டுக்கும் நடுவே, ஏரியும் கழனியும் கல்குவாரி லாரிகளுமாக இருக்கிற ஊர். அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் என் முதல் நாவலில் பாதியை எழுதினேன். அத்தான் காலமான பிறகும் அக்கா அந்த வீட்டை விட்டு அசையவில்லை. ஒரே பிள்ளை புனாவில் உத்தியோகம். அவன் எத்தனை முறை கூப்பிட்டும், "மூணாவது மாடியிலே கோலம் போட வாசல் எங்கேடா இருக்கு?" என்று ஒரே கேள்வியில் அடக்கிவிடுவாள்.

2024 தை மாதம், பொங்கல் கழிந்த நாலாம் நாள், அந்த வாசலிலேயே விழுந்துவிட்டாள். கோலம் பாதி போட்டபடி இருந்தது. இடது கையும் இடது காலும் ஓய்ந்துவிட்டன. பேச்சு குழறியது. அடுத்த வீட்டுப் பையன் சமயோசிதமாக ஒரு காரைப் பிடித்துச் செங்கற்பட்டு அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே பன்னிரண்டு நாள். உயிருக்குப் பயமில்லை என்ற நிலைக்கு வந்ததும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமேல் மருந்தை விடப் பயிற்சிதான் முக்கியம். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம் ரொம்ப உயர்ந்த காலம். மூளை விட்டதைத் திரும்பப் பிடிப்பது அப்போதுதான் வேகமாக நடக்கும். அதற்கப்புறமும் நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். வீணாக்கிவிடாதீர்கள்."

தனியாக இருக்கிற வீட்டில் அதை எப்படிச் செய்வது? 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் வந்து போன பிறகு மீதி நேரத்துக்கு யார் இருப்பது? என் வீட்டுக்கு அழைத்து வரலாமென்றால், என் மனைவியே முழங்கால் வலியால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். செல்போனில் இரண்டு நாள் மாநாடு நடத்தினோம். கடைசியில், இரண்டு மூன்று மாதம் தங்க வைத்துப் பயிற்சியும் நர்சு உதவியும் கொடுக்கிற ஓர் இடம் பார்ப்பதென்று முடிவாயிற்று.

இதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதே முதல் சங்கடம். "மறுவாழ்வு மையம்" என்று விசாரித்து ஒரு நம்பரைப் பிடித்தேன். எடுத்தவர் மிகுந்த அனுதாபத்தோடு, "எத்தனை வருஷமாகக் குடிக்கிறாங்க சார்?" என்று கேட்டார். "யார்?" என்றேன். "பேஷண்டுதான்" என்றார். எழுபத்து நான்கு வயதில், காப்பியைத் தவிர வேறொன்றும் குடித்தறியாத என் அக்காவின் சார்பில் நான் என்னத்தைச் சொல்வது?

இரண்டாவது சங்கடம் அவ்வளவு சிரிப்பானது அல்ல. "ஒரு இல்லத்திலே கொஞ்ச நாள்..." என்று நான் அக்காவிடம் ஆரம்பித்ததுதான் தாமதம், அவளுடைய நல்ல கை என் சட்டையைப் பற்றிக்கொண்டது.

"பாலேஸ்வரம் மாதிரியா தம்பி?"

சாலவாக்கத்துக்காரர்களிடம் "இல்லம்" என்ற வார்த்தையை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பக்கத்துப் பாலேஸ்வரத்தில் இருந்த ஒரு கருணை இல்லம், 2018 பிப்ரவரியில் தேசம் முழுவதும் பேச்சாயிற்று. காய்கறி மூட்டைகளோடு ஒரு பிரேதமும், உயிரோடு இருந்த முதியவர்களும் ஒரே வண்டியில் போனார்கள். உள்ளே இருந்த ஒரு மூதாட்டி போட்ட கூச்சலில்தான் விஷயம் வெளியே வந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இறந்தவர்களைச் சுவர் அறைகளில் வைத்து மூடும் வழக்கம் தெரிய வந்தது. அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். நிர்வாகத்தார் குற்றச்சாட்டுகளை எல்லாம் மறுத்தார்கள். சட்டம் அதை என்ன செய்தது என்பது அக்காவுக்கு முக்கியமில்லை. அந்தக் கூச்சல் அவள் ஊருக்குப் பக்கத்துச் சாலையில் கேட்ட கூச்சல்.

"சீ, அதெல்லாம் இல்லை" என்றேன். எவ்வளவு பலவீனமான பதில் என்று எனக்கே தெரிந்தது. அது எப்படிப்பட்ட இடம் என்று பார்த்துச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? மறுபடியும் மாட்டுச் சந்தைதான்.

நல்ல வேளையாக, செங்கற்பட்டில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போனேன்.

"லைசென்ஸ் இருக்கிறதா பாருங்க. இல்லாவிட்டால் படியே ஏறாதீங்க. ஆனால் லைசென்ஸ் சுவரிலேதான் தொங்கும், ராத்திரி எழுந்து வந்து தண்ணி கொடுக்காது" என்று ஆரம்பித்தார். பிறகு விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லிவிட்டுப் போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள், ஆள் குறைவாக இருக்கிற வேளை அதுதான். நுழைந்ததும் மூக்கை நம்புங்கள்: மூத்திர நாற்றம் அடித்தாலும் சந்தேகம், அதை மறைக்க மட்டுமீறி வாசனை அடித்தாலும் சந்தேகம். படுத்திருப்பவர்களின் குதிகாலைப் பாருங்கள். படுக்கைப் புண் முதலில் எட்டிப் பார்க்கும் இடங்களில் அது ஒன்று. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். யார் திருப்பினார்கள், எப்போது திருப்பினார்கள் என்று எழுதி வைக்கிறார்களா, கேளுங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை நர்சு என்று கேளுங்கள். ஓய்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறார்களா, கவனியுங்கள். தோள்பட்டை நழுவிப் போகும்.

"இன்னொண்ணு. தண்ணி டம்ளர் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க."

எனக்கு விளங்கவில்லை.

"உங்க அக்காவுக்கு இடது பக்கம் ஓய்ஞ்சிருக்கு. டம்ளரை இடது பக்கம் வெச்சா அது மதுரையிலே இருக்கிற மாதிரிதான்."

அக்காள் பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். இருவரும் முதலில் தாம்பரத்துக்கு அப்பால் ஓர் இடத்துக்குப் போனோம். வாசலில் செயற்கை நீரூற்று. பளிங்குத் தரை. குளிர்ச்சியான ஹால். ஒரு பெண் எங்களுக்குப் பழரசம் கொடுத்து, "சில்வர் பேக்கேஜா, கோல்டு பேக்கேஜா?" என்று கேட்டாள். மருமகன் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைக்கு, பளபளப்பைப் பார்த்தால் மனச்சாட்சி கொஞ்சம் ஆறுகிறது. நானும் மயங்கத்தான் செய்தேன். ஆனால் மாடியில் ஓர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரியவர். போர்வைக்குள்ளிருந்து தெரிந்த வலது கை, சூம்பினாற்போல் மடங்கிக் கிடந்தது. இடது கையைக் கட்டிலின் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். "டியூபைப் பிடுங்கிடுறார் சார்" என்றாள் அந்தப் பெண், சிரித்த முகம் மாறாமல். வலது பக்கத்து மேஜையில் ஒரு டம்ளர், மூடி போட்டு, வெகு சுத்தமாக இருந்தது.

நாங்கள் கீழே இறங்கி வந்தோம். பழரசத்தை நான் குடிக்கவில்லை. மருமகன் குடித்துவிட்டிருந்தான், அதற்காக அவன் கார் ஏறியும் வெகுநேரம் பேசவில்லை.

மறு ஞாயிறு காஞ்சீபுரத்தில் ஓர் இடம் பார்க்கக் கிளம்பினோம். சாலவாக்கத்திலிருந்து திருமுக்கூடல் வழியாகப் பாலாற்றைத் தாண்டிப் போகிற பாதை. லாரிப் புழுதியில் கண் எரிந்ததால் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் சற்று இறங்கினோம்.

அந்தப் பக்கத்து ஜனங்கள், வந்தவர் போனவரிடமெல்லாம் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றித்தான் பெருமை பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் திருமுக்கூடல் சுவரில் இருக்கிற கல்வெட்டை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வீரராசேந்திர சோழன் காலம், 11-ஆம் நூற்றாண்டு. கோயில் ஊழியர்களுக்கும் அங்கே வேதம் படித்த மாணாக்கர்களுக்குமாக நடந்த ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரியின் திட்டம் முழுவதும் அந்தக் கல்லில் இருக்கிறது. அதற்கு வீரசோழன் என்று பெயர். படுக்கை 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டு வர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீருக்கென்றே ஓர் ஆள். ஒரு நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை அரிசி, இரவில் எரிய ஒரு விளக்கு, கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் இன்னின்ன என்று எல்லாம் கணக்கு. நீரூற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் இதை மருமகனிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். "மாமா, அந்த நர்சம்மா சொன்னதும் இதேதானே?" என்றான். பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணல்தான் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

காஞ்சீபுரத்து இடம் ஒரு பழைய வீடு. சுவரில் சுண்ணாம்பு. உள்ளே நுழைந்ததும் யாரோ யாரையோ திட்டுவது கேட்டது. பயந்துவிட்டேன். எட்டிப் பார்த்தால், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, மரத்தால் செய்த மூன்று படிக்கட்டின் எதிரே நின்று ஒரு தாத்தாவை அதட்டிக்கொண்டிருக்கிறாள். "நேத்து ரெண்டு ஏறினீங்க. இன்னிக்கு ஒண்ணோடே உட்கார்ந்தா விடமாட்டேன்!" தாத்தாவும் சளைக்காமல் அவளைத் திட்டுகிறார். திட்டிக்கொண்டே ஏறுகிறார். அடுத்த கூடத்தில் ஆறு கட்டில்கள். டம்ளர்களைப் பார்த்தேன். வலம் சில, இடம் சில. ஆளுக்குத் தக்கபடி இருந்தன.

தலைமை நர்சு எங்களை உட்கார வைத்தாள். நான் கேள்விப் பட்டியலை வெளியே எடுப்பதற்குள் அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் எந்த மாதிரிக் கக்கூஸ்? கிணறா, குழாயா? கட்டில் உயரமா, பாயா? சமைப்பது நின்றுகொண்டா, உட்கார்ந்தா? வாசலில் எத்தனை படி?

"படியா?" என்றேன்.

"ஆமாம் சார். அவங்க திரும்பிப் போகப்போறது அந்த வீட்டுக்குத்தானே? அங்கே எத்தனை படியோ, அத்தனைக்குத்தான் இங்கே பழக்கணும்."

நாற்பது வருஷமாக ஏறி இறங்குகிற படி. பாதி நாவலை அதன் தலைமாட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். எத்தனை என்று தெரியவில்லை. மருமகன் அந்த வீட்டிலேயே பிறந்தவன், அவனும் விழித்தான். கடைசியில் நான் உத்தேசமாக "மூன்று" என்று சொல்லி வைத்தேன்.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர் இருந்தார். 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். பிறகு நியூயார்க் போய் இந்தப் புனர்வாழ்வு வைத்தியத்தைப் படித்து வந்தார். 1966-இல் வேலூர்ப் பாகாயத்தில் இதற்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. விழுந்தவரைப் படுக்க வைத்துக் காப்பாற்றுவது வேறு, எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது வேறு என்பதை இந்தப் பக்கத்தில் நடத்திக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். காஞ்சீபுரத்து நர்சு அவர் பெயரைச் சொல்லவில்லை. படியைப் பற்றித்தான் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் விவரித்தேன். சுத்தம், சாப்பாடு, ராத்திரி நர்சு, செலவு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "அங்கே போனவங்க எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பியிருக்காங்க? அதைக் கேட்டியா?" என்றாள், குழறலோடு.

இரண்டு இடங்களில் மணிக்கணக்காகப் பேசியும் எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. அதைவிட வெட்கம், இத்தனை நாளில் அவளையே ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அங்கேயே செல்போனில் நர்சைக் கூப்பிட்டு, போனை அக்காவின் காதில் வைத்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது முழுவதும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ நீளமான பதில் வந்தது. எல்லோரும் திரும்பவில்லை என்று அதில் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அக்கா, "உள்ளதைச் சொல்றா" என்று சொல்லிவிட்டு, "போறேன்" என்றாள்.

பதினோரு வாரம் இருந்தாள். நடுவே அழுததும், சோற்றைத் தள்ளியதும், அந்தப் படிக்கட்டுப் பெண்ணைத் திட்டியதும் உண்டு. இடது கை இன்றும் சொன்னபடி கேட்பதில்லை. கால் கேட்க ஆரம்பித்தது.

சித்திரை மாதம் சாலவாக்கத்துக்கு அழைத்து வந்தோம். அந்தப் பெண்ணும் கூட வந்தாள். தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். "ஏறும்போது நல்ல கால் முதல்லே, பாட்டி. இறங்கும்போது நோவு கால் முதல்லே. மறக்காதீங்க" என்றாள். அக்காவுக்கு நல்ல கால் வலது கால். கோலைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறினாள். ஏறிவிட்டு நின்றாள். எதிரே நிலைப்படி, ஒரு சாண் உயரம்.

"ஏண்டா, மூணுன்னா சொன்னே?" என்று திரும்பி என்னைப் பார்த்தாள். "இதை யாரு கணக்கிலே வெச்சிருக்கே?"

நான் கையை நீட்டினேன். அந்தப் பெண் என் கையைத் தட்டிவிட்டாள்.

அக்கா கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிலையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். "இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு எங்க மாமியாரும் இதைத்தாண்டி சொன்னாங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.