காப்போன் யார்?

தாக்குதலினும் தற்காப்பே வலிய போர்முறை என்றார் கிளாஸ்விட்ஸ். 1985 பெப்ரவரியில் கொக்கிளாய் இராணுவ முகாமைத் தாக்கிய புலிகள் அதனைக் கைப்பற்ற இயலாது மீண்டனர். 1991இல் ஆனையிறவிலும் அவ்வாறே. வெற்றிலைக்கேணியிற் கடல்வழி இறங்கிய துணைப்படை அம்முகாமைக் காத்தது. 2000இல் நன்னீர் வழி அடைபட்டதும் அதே ஆனையிறவு வீழ்ந்தது. பின்வழி திறந்திருக்கும் வரைதான் அகழிக்கும் மண்ணரணுக்கும் வலிமை.

ஆனால், நாம் கேட்பது வேறு. 1984 இறுதியிற் கொக்கிளாயிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் களப்பின் ஆழமறிந்தவர்கள். அந்த அறிவு அவர்களைக் காக்கவில்லை. உள்நாட்டுப் போரிற் காப்போன் எனப்படுபவன் ஆயுதத்தோடு நிலைகொண்டவனே, அங்கே பிறந்தவனல்லன். போர் 2009இல் முடிந்தபின் மீண்டவர்கள் தம் வயல்களுட் பல பிறர் கையிலிருக்கக் கண்டனர். நிலத்தைக் கைவசம் வைத்திருப்போனுக்கே அனுகூலம் என்னும் போர்விதி சமாதானத்திலும் நீடிக்கிறது. தம் மண்ணைக் கேட்கும் உழவர்களை அது தாக்குவோரின் இடத்தில் நிறுத்துகிறது. அவர்கள் கையிலிருப்பதோ மனு ஒன்றே. அவர்கள் பக்கம் நிற்பது நம் கடன்.